நாமொன்று நினைக்க: வெளிநாட்டுப் படிப்பும் வீட்டுக்குச் சொல்லாத கதைகளும்

போன மாதம் எங்கள் கூட்டாளி ஒருவன் ஊருக்குத் திரும்பி வந்தான். 2 வருடப் படிப்பு என்று போனவன், 14 மாதத்திலேயே வந்துவிட்டான். அவன் போன அன்று கட்டுநாயக்கவுக்கு வான் பிடித்து, சொந்தக்காரர், கூட்டாளிகள் என்று 11 பேர் வழியனுப்பப் போனோம். வந்த அன்று அவன் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. கொழும்பு கோட்டையில் இரவு ரயில் ஏறி, விடியக்காலையில் திருகோணமலை ஸ்டேஷனில் தனியாக இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போயிருக்கிறான். எங்களுக்கே மூன்று நாள் கழித்துத்தான் தெரியும்.

அன்று பின்னேரம் உட்துறைமுக வீதியில் நாங்கள் வழக்கமாக இருக்கிற கட்டில் அவனும் வந்து இருந்தான். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவனே சொன்னான்: "மச்சான், படிப்பு அவ்வளவு கஷ்டமில்ல. வேலையும் பரவாயில்ல. குளிர் கூடப் பழகிட்டு. பிளான் பிழைச்சுப் போச்சு எண்டு வீட்ட சொல்லுறதுதான் ஏலாமப் போச்சு."

இந்தக் கட்டுரை அவன் சொன்ன அந்தக் கடைசி வசனத்தைப் பற்றியது.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லும் அறிவுரை ஒன்று இருக்கிறது: எதிர்பாராததை வரவேற்கப் பழகுங்கள். டவுனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் ஏஜென்சி ஒன்று நடத்திய கருத்தரங்குக்கு எங்களில் நாலு பேர் போயிருந்தோம். பெரிய திரையில் பனிக்குள் நின்று சிரிக்கும் மாணவர்களின் படம். கோட் போட்ட அண்ணா ஒருவர், "அங்க நீங்க நினைக்காத சர்ப்ரைஸ் எல்லாம் வரும். அதையெல்லாம் சந்தோஷமா ஏற்றுக்கொள்ளுங்கோ, அதுதான் வளர்ச்சி" என்றார். நாங்களும் கைதட்டினோம். விசா கிடைக்காவிட்டால் கட்டின காசு திரும்பி வருமா என்று எங்களில் ஒருத்தி எழும்பிக் கேட்டாள். "அதெல்லாம் ஒபிசுக்கு வாங்கோ தங்கச்சி, ஆறுதலாக் கதைப்பம்" என்றார்.

அந்த அறிவுரையில் பாதி சரி, பாதி பிழை என்பதுதான் எங்கள் எண்ணம். எந்தப் பாதி சரி, எந்தப் பாதி பிழை என்று தெரியாமல் விமானம் ஏறினால் அதற்கு விலை கொடுப்பது வீடுதான்.

எந்த சர்ப்ரைஸைப் பற்றிக் கதைக்கிறோம்?

2020 மார்ச்சில் கொரோனாவால் கட்டுநாயக்கவுக்கு வரும் விமானங்களை நிறுத்தினார்கள். வெளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் விடுதி அறைகளில் மாட்டிக்கொண்டார்கள். ஏப்ரல், மே மாதங்களில் விசேட விமானங்கள் விட்டுத்தான் ஒரு பகுதி மாணவர்களைப் பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கூட்டி வந்தார்கள்.

அடுத்தது 2022. அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். மே மாதம் ஏறக்குறைய 360. இடையில் ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. ஒரு பிள்ளை வருடம் 10,000 டொலர் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது என்று வையுங்கள். ஜனவரியில் அது 20 இலட்சம் ரூபாய். மேயில் 36 இலட்சம். கல்லூரி கட்டணத்தை ஒரு சதம் கூட்டவில்லை. பிள்ளையும் ஒரு பிழையும் செய்யவில்லை. ஆனாலும் வீட்டில் 16 இலட்சம் துண்டு விழுகிறது.

பிறகு 2024. பிரித்தானியாவில் பெரும்பாலான முதுகலை மாணவர்கள் இனிமேல் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது என்று அந்த வருட ஜனவரியிலிருந்து சட்டம் மாறியது. கனடாவுக்குப் போகிறவர் தன் செலவுக்குக் காட்ட வேண்டிய பணம் 10,000 கனேடிய டொலரிலிருந்து 20,635 ஆனது, அதுவும் அதே ஜனவரியில்தான். ஆஸ்திரேலியாவில் ஜூலை மாதம் மாணவர் விசாவுக்கான கட்டணம் 710 ஆஸ்திரேலிய டொலரிலிருந்து 1,600 ஆகியது. போன வருடம் போன அக்காவின் கணக்கை வைத்து இந்த வருடம் போக நினைத்த தம்பிக்கு எல்லாம் பிழைத்தது.

இதையெல்லாம் எப்படி வரவேற்பது? வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இது பிறகு சொல்லிச் சிரிக்க ஒரு அனுபவம். காணியை ஈடு வைத்து, அம்மாவின் தாலிக்கொடியைப் பாங்கில் வைத்துப் போன பிள்ளைக்கு இது மாதா மாதம் கட்டுகிற வட்டி. இரண்டு பேருக்கும் ஒரே அறிவுரை சொல்வது நியாயமில்லை.

பிறகு ஏன் போகிறோம்?

போகாமல் இருக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஏஎல் எழுதி, இசட் ஸ்கோர் வரும் வரைக்கும் காத்திருந்து, பிறகு வெட்டுப்புள்ளி வரும் வரைக்கும் காத்திருந்த எவருக்கும் இது விளங்கும். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு முழுதுக்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எங்கள் திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. அப்படி இருந்தும் தகுதி பெற்ற பிள்ளைகளில் பெரும்பகுதிக்கு இடமில்லை. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் வேண்டிய பாடமும் அங்கே இல்லை, எல்லாருக்கும் இடமும் இல்லை.

இன்னொரு காரணத்தை நாங்கள் வெளியில் அதிகம் கதைப்பதில்லை. எங்கள் அம்மா அப்பாமாருக்கு 'எதிர்பாராதது' என்ற சொல் வேறு மாதிரிக் கேட்கும். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்ததை அவர்கள் பார்த்தவர்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி பின்னேரம் கடற்கரைக்குப் போன மாணவர்கள் ஐந்து பேர் காந்தி சிலைக்குக் கிட்டச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எங்களை மாதிரியே கூட்டாளிகளோடு கதைத்துக்கொண்டிருக்கப் போன பெடியங்கள். அதே வருடம் ஆகஸ்டில் மூதூர் சனம் கையில் கிடைத்ததோடு ஊரைவிட்டு நடந்தது. இதையெல்லாம் கண்ட ஒரு அம்மா, "என்ர பிள்ளை ஒரு நிச்சயமான இடத்தில இருக்கட்டும்" என்று நினைத்தால் அதை ஆசை என்று மட்டும் சொல்ல முடியாது. அந்த நிச்சயத்துக்காகத்தான் காணி போகிறது, நகை போகிறது. அதனால்தான் அந்த நிச்சயம் உடைந்துவிட்டது என்று பிள்ளை வாய் திறந்து சொல்ல முடியாமல் இருக்கிறது.

சரியான பாதி

அறிவுரையில் சரியான பாதியும் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

எங்களில் ஒரு அக்கா முதல் கட்டுரையை எழுதிக் கொடுத்தபோது, ஊரில் பழகின மாதிரி நோட்ஸை அப்படியே பாடமாக்கி எழுதிக் கொடுத்தார். ஏஎல்லில் ஏ எடுத்தவர். அங்கே பாஸ் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு புள்ளி. கீழே விரிவுரையாளர் எழுதியிருந்தாராம்: இதில் புத்தகம் சொல்வது இருக்கிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? "அதுவரைக்கும் என்னட்ட ஒருத்தரும் அப்பிடிக் கேட்கேல்ல" என்றார் அக்கா. இரண்டு கிழமை அழுதுவிட்டு, மூன்றாவது கிழமை அந்த விரிவுரையாளரிடமே போய், எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறார். போன பாடத்தை விட்டு வேறு பாடத்துக்கு மாறியதும் அதற்குப் பிறகுதான்.

இன்னொருவனுக்குக் கிடைத்தது ஒரு குசினி. நாலு பேர் இருந்த வீட்டில் ஒருவன் கந்தளாய்ச் சிங்களப் பெடியன். கந்தளாய் எங்கள் டவுனிலிருந்து 40 கிலோமீட்டர் அளவில்தான். கொழும்புக்குப் போகிற ஒவ்வொரு முறையும் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறோம். தமிழ், முஸ்லிம், சிங்களச் சனம் மூன்றும் சேர்ந்து வாழ்கிற மாவட்டம் இது என்று பேச்சுப்போட்டியில் சொல்லி நாங்கள் பரிசும் வாங்கியிருக்கிறோம். ஆனால் பள்ளிக்கூடம் வேறு, ரியூசன் வேறு, கிரிக்கெட் டீமும் வேறு. அந்தக் கந்தளாய்ப் பெடியனோடு ஒரே அடுப்பில் சமைக்க எங்கள் கூட்டாளி 8,000 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தது. சோறு அடிப்பிடித்ததற்குச் சண்டை, அரசியலுக்குச் சண்டை, பிறகு பரீட்சைக் காலத்தில் மாறி மாறிச் சமைத்தது. இப்போது அவனுக்குச் சிங்களம் சரளம். இவனிடம் தமிழில் கெட்ட வார்த்தை முதலில் கற்று, பிறகு நல்ல வார்த்தையும் கற்றானாம். போன புதுவருடத்துக்கு கந்தளாய்க்காரனின் அம்மா இவன் வீட்டுக்குப் பலகாரம் கொடுத்துவிட்டா.

இப்படியானவை வரும்போது கதவைச் சாத்தாமல் இருக்கத் தெரிய வேண்டும். தமிழ்க் கடை, தமிழ் வீடு, தமிழ் வட்ஸ்அப் குழு என்று ஒரு குட்டித் திருகோணமலைக்குள் இருந்து, பட்டத்தோடு திரும்பி வருகிறவர்களையும் கண்டிருக்கிறோம். காசு கொடுத்து வாங்கினதில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வருகிற மாதிரி அது.

கொட்டியாரத்தில் பிடிபட்ட பெடியன்

"கஷ்டம் நல்லதுக்குத்தான்" என்று சொல்பவர்களுக்கு எங்கள் குடாவிலேயே ஒரு கதை இருக்கிறது.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், மரம் வெட்டிப் பழுது பார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. துறைமுகத்துக்கு நேரே அந்தப் பக்கம், இன்றைக்கு மூதூர் இருக்கிற கரை. கப்பல் தலைவனின் மகன் ரொபர்ட் நொக்ஸுக்கு 19 வயது. 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தகப்பனையும் மகனையும் மாலுமிகளையும் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டு போனார்கள். சில கிழமையில் புறப்படலாம் என்று நினைத்துக் கரை இறங்கியவன் 19 வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தான்.

அந்த 19 வருடத்தில் சிங்களம் கற்றான். தொப்பி பின்னி விற்றான். நெல் கடன் கொடுத்து வாங்கினான். ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்தான். 1679இல் ஒரு கூட்டாளியோடு காட்டு வழியாகத் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். 1681இல் லண்டனில் அவன் எழுதிய இலங்கை பற்றிய புத்தகம் வெளிவந்தது. அந்தக் காலத்துக் கண்டி இராச்சியத்தின் வயலும் வழக்கமும் சட்டமும் எப்படி இருந்தன என்று தேடுகிற ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்கும் அந்தப் புத்தகத்திடம்தான் போகிறார்கள்.

இதைக் கேட்டவுடன் "பாத்தீங்களா, எதிர்பாராததை வரவேற்றான், பெரிய ஆளானான்" என்று கருத்தரங்கு அண்ணா சொல்லுவார். இல்லை. பிடிபட்ட அடுத்த வருடமே அவனுடைய தகப்பன் காய்ச்சலில் செத்துப் போனார். குழி வெட்டிப் புதைத்தவன் மகன்தான். அவன் அந்தச் சிறையை ஒரு நாளும் வரவேற்கவில்லை. வெளியே போகும் வழியைத்தான் கடைசிவரை தேடிக்கொண்டிருந்தான். தேடிக்கொண்டே தொப்பியும் பின்னினான், பாஷையும் படித்தான்.

எங்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். வந்த கஷ்டத்தை நல்லது என்று நம்பத் தேவையில்லை. அதற்குள் இருந்துகொண்டு செய்யக்கூடியதைச் செய்தால் போதும். கஷ்டத்திலிருந்து ஒன்று கற்றுக்கொண்டோம் என்பதற்காக, கஷ்டத்தைத் தந்தவர்களுக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டியதும் இல்லை.

எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு கப்பல்

இங்கிலாந்தின் வடகிழக்கில் படிக்கிற எங்கள் ஆள் ஒருத்தி, போன குளிர்காலத்தில் மனம் சரியில்லாத ஒரு நாள், பக்கத்து ஊரான ஹார்ட்லிபூலுக்கு ரயில் ஏறிப் போயிருக்கிறாள். அங்கே துறையில் பெரிய பாய்க்கப்பல் ஒன்று நிற்கிறது. அதன் பெயர் 'ட்ரிங்கோமலி'. எங்கள் ஊர்தான். போட்டோ எடுத்துக் குழுவில் போட்டு, "ஊருக்கு வந்திட்டன் மச்சான்" என்று எழுதியிருந்தாள்.

அந்தக் கப்பலின் கதையைத் தேடிப் படித்தோம். நெப்போலியனோடு நடந்த சண்டைக் காலத்தில் பிரித்தானியக் கடற்படை கேட்ட கப்பல் அது. வரைபடங்களை ஏற்றிக்கொண்டு வந்த கப்பலே 1812இல் அமெரிக்கர்களோடு நடந்த சண்டையில் போய்விட, திரும்பவும் வரைபடம் அனுப்ப வேண்டி வந்தது. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டி 1817இல் கடலில் இறக்கியபோது சண்டை முடிந்து இரண்டு வருடமாகியிருந்தது. 1819இல் போர்ட்ஸ்மவுத்துக்குப் போய்ச் சேர்ந்த கப்பலை, வேலை இல்லை என்று கட்டி வைத்தார்கள். திரும்பக் கடலுக்குப் போனது 1847இல். பிறகு பயிற்சிக் கப்பல். 1897இல் உடைப்பதற்கு விற்கப்பட்டு, ஒருவர் வாங்கிக் காப்பாற்றி, பெயரையும் மாற்றி, 1986 வரைக்கும் பிள்ளைகளுக்குக் கடல் வேலை பழக்கும் கப்பலாக ஓடியது. 1987இல் ஹார்ட்லிபூலுக்கு வந்தது. 1992இல் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. சண்டைக்கென்று கட்டின கப்பல், தன் ஆயுளில் பெரும்பகுதியைப் பிள்ளைகளைப் பழக்குவதில் கழித்திருக்கிறது.

அன்றைக்கு அவள் இரவு கோல் எடுத்துச் சொன்னது இதுதான்: "25 வருசத்துக்கு மேல சும்மா கட்டி வச்சிருந்தவையாம். அந்தக் கப்பலிட்ட ஒருத்தரும் 'ஏன் நீ இன்னும் நிக்கிற' எண்டு கேட்கேல்ல." சிரித்தோம். கப்பலுக்கு வட்டி கட்டத் தேவையில்லை, கலியாண வீட்டில் கேள்வி கேட்கும் மாமிமாரும் இல்லை என்று எங்களில் ஒருவன் சொன்னான். பகிடிதான். ஆனாலும் ஒரு பிள்ளை ஒரு செமஸ்டர் நின்று மூச்சு விடுவதற்குக் கூட எங்கள் ஊரில் இடம் இல்லை என்பது பகிடி இல்லை.

"எல்லாம் ஓகே அம்மா"

முதலில் சொன்ன கூட்டாளிக்கு வருவோம். நாட்டின் பெயரும் கல்லூரியின் பெயரும் வேண்டாம். பகுதி நேர வேலையிலேயே அடுத்த வருடக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று இங்கே அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அங்கே போய்க் கணக்குப் பார்த்தால், விசாவில் அனுமதித்த மணித்தியாலத்துக்கு வருகிற சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும்தான் காணும். இரவு வேலையைக் கூட்டினான். காலை வகுப்பில் நித்திரை. இரண்டாவது செமஸ்டரில் இரண்டு பாடம் பெயில்.

அது எட்டாவது மாதம். அவன் வீட்டுக்கு வந்தது 14ஆவது மாதம். நடுவில் ஆறு மாதம்.

அந்த ஆறு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ கோல். வெளிச்சம் நல்லாக விழும் படிக்கட்டில் இருந்து, நல்ல ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, "எல்லாம் ஓகே அம்மா." சாப்பிட்டியா என்றால் கோழிக்கறி என்பான். சாப்பிட்டது பாணும் டின் மீனும். எங்களுக்கும் அதே கதைதான் சொன்னான். இன்ஸ்டாவில் பனியில் நிற்கிற படத்துக்கு நாங்கள் ஹார்ட் போட்டோம். அதற்காக இப்போது வெட்கப்படுகிறோம்.

எட்டாவது மாதத்திலேயே சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அன்று கட்டில் இருந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். பெயிலான பாடத்துக்கு மேன்முறையீடு செய்ய ஒரு கடைசித் திகதி இருந்தது. அவன் அந்த மின்னஞ்சலைத் திறக்கவே இல்லை. கட்டணத்தைத் தவணையாகக் கட்ட முடியுமா என்று கேட்டிருக்கலாம். மாணவர் உதவிப் பிரிவு என்று ஒன்று இருந்தது, அதன் கதவையும் தட்டவில்லை. கேட்டால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். வரவு குறைந்தால் கல்லூரி குடிவரவுக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் அவனுக்குப் பிந்தித்தான் விளங்கியது. பெயிலானதை ஒருவேளை சரிசெய்திருக்கலாம். ஆறு மாதம் வாய் மூடி இருந்ததைச் சரிசெய்ய முடியவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று அம்மா என்ன சொன்னா என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "காசு போனாப் போகட்டும் தம்பி, ஏன் நீ ஆறு மாசம் தனியக் கிடந்த நீ?" என்று கேட்டாவாம். அப்பா இன்னும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. நகை இன்னும் பாங்கில்தான் இருக்கிறது. ஒன்றும் சரியாகிவிடவில்லை. ஆனால் அம்மாவிடம் இருந்து எந்தக் கேள்வி வரும் என்று ஆறு மாதம் பயந்தானோ, அந்தக் கேள்வி வரவில்லை.

போக முதல்

எதிர்பாராதது வரும்போது அதைத் தாங்குவது மனத்தைரியம் மட்டுமில்லை, அதைச் சொல்லக் கூடிய ஒரு ஆளும், கையில் கொஞ்சம் இடைவெளியும் வேண்டும். இந்த இரண்டையும் வீட்டிலிருந்தே கொண்டு போகலாம். எங்கள் கூட்டத்தில் இப்போது போகிறவர்களோடு சில விஷயங்களை முன்கூட்டியே கதைக்கிறோம்.

ஒன்று காசு. பகுதி நேர வேலைக் காசைக் கட்டணக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அதைச் சாப்பாட்டுக் கணக்கில் மட்டும் வையுங்கள். திரும்பி வருகிற டிக்கெட்டுக்கான காசைத் தனியாக எடுத்து வைத்து, அது இல்லை என்றே நினையுங்கள். கட்டணத்தை ஏஜென்டின் கையிலோ அவருடைய சொந்தக் கணக்கிலோ போடாமல் கல்லூரியின் கணக்குக்கே அனுப்பி, பற்றுச்சீட்டை எடுங்கள். விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். "ஒபிசுக்கு வாங்கோ" என்றால் ஒபிசுக்குப் போய் எழுத்திலேயே கேளுங்கள்.

இரண்டாவது, ஒரு ஆள். அம்மா அப்பாவாக இருக்கத் தேவையில்லை. அக்காவோ, சித்தியோ, படிப்பித்த ரீச்சரோ, கூட்டாளியோ. பொய் சொல்லத் தேவையில்லாத ஒரு ஆளைப் போக முதலே தெரிவு செய்து, அவரிடமும் சொல்லி வையுங்கள்: "நான் எல்லாம் ஓகே எண்டு மூண்டு தரம் சொன்னா, நாலாந்தரம் நீங்கள் வடிவாக் கேளுங்கோ."

மூன்றாவது வீட்டில் கதைக்க வேண்டியது. நினைத்தது நடக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒருதரம், ஒரே ஒருதரம், எல்லாரும் ஒன்றாக இருந்து கதையுங்கள். பாடம் மாறலாமா, ஒரு வருடம் பிந்தலாமா, திரும்பி வரலாமா? இந்தக் கேள்விக்குக் கடன் வாங்க முதல் பதில் வந்தால் நல்லது.

இப்படிக் கதைத்தால் "அபசகுனமாக் கதைக்காதை" என்று சில வீடுகளில் சொல்கிறார்கள். திரும்பி வரலாம் என்று சொன்னால் பிள்ளை கஷ்டப்பட்டுப் படிக்காது என்றும் சொல்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. வழி இல்லை என்று நினைத்தவன் எங்கள் கூட்டாளி. அந்த நினைப்பு அவனைப் படிக்க வைக்கவில்லை, ஒளிக்கத்தான் வைத்தது. கடலுக்குப் போகிற ஆக்கள் நிறைந்த ஊர் இது. காற்று மாறினால் படகைத் திருப்பிக்கொண்டு வருகிறவரைப் பார்த்து நாங்கள் ஒரு நாளும் சிரித்ததில்லை. படித்த பிள்ளை திரும்பி வந்தால் மட்டும் ஏன் "என்ன, வந்திட்டீங்களாம்?" என்று கேட்கிறோம்?

அவன் இப்போது முதல் வருடம் படித்ததற்கான சான்றிதழைக் கேட்டுக் கல்லூரிக்கு எழுதியிருக்கிறான். அதை வைத்து இங்கே எங்கேயாவது மிச்சத்தைப் படிக்க முடியுமா என்று பார்க்கிறான். அதுவரைக்கும் மாமாவின் கடையில் கணக்கு எழுதுகிறான். பின்னேரத்தில் கட்டுக்கு வருகிறான்.

அடுத்த மாதம் எங்களில் இன்னொருத்தி போகிறாள். கட்டுநாயக்கவுக்கு இந்த முறையும் வான் பிடிப்போம். வானில் அவனும் வருகிறான். போன கிழமை அவளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது அவன்தான்: வாடகை எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு, எத்தனை மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. கடைசியில் கொப்பியின் பின்பக்கத்தில் தன்னுடைய வட்ஸ்அப் நம்பரை எழுதி, கீழே ஒரு வசனமும் எழுதியிருந்தான்: "பிழைச்சா முதல்ல எனக்குச் சொல்லு."